வேலையைப் பங்கிடும் விதம்

பல பேர் கூடின இடத்தில் பாம்பு சாகாது என்பது பழமொழி. கையிற் கோலுடையவர் பத்துப் பேர் இருந்தும், அடிக்க வேண்டியவர் இன்னார் என்று ஏற்படாமையால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கின்றனர். பாம்போ புற்றுக்குள் புகுந்துவிடுகிறது. நமது பொதுச் சங்கங்கள் பலவற்றின் சரித்திரமும் இதுவே. தீர்மானங்கள் ஏகமனதாய் நிறைவேறும். அவற்றைச் செய்து முடிப்பவர் மட்டும் இரார்.

வேலையைப் பங்கிடும் வித்தையை அறிய விரும்புவோர் 1930-ம் வருஷத்து வேதாரணிய யாத்திரையை ஆராய்ந்து பார்ப்பாராக. அவ்வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் இல்லத்திலிருந்து ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் புறப்பட்டனர். சுமார் 150 மைல் நடந்து 28-ந் தேதி வேதாரணியம் சேர்ந்தனர். வழியில் இவர்களுக்கு அன்னமும் இடமும் அளிப்போர் தண்டனை பெறுவர் எனத் தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் துரை எச்சரித்திருந்தார். தலைவர் ஒருவரையே நம்பிய கூட்டமாயின், யாத்திரை பாதி வழியிலேயே பட்டினியால் முடிந்திருக்கும். ஆனால் கிராமவாசிகள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளிற் கட்டிவைத்துத் தம் பங்கைச் செலுத்தினர். வேதாரணியத்தில் தொண்டர்களை வரவேற்று ஆதரிக்கும் பாரத்தை ஸ்ரீ வேதரத்தினம் பிள்ளை ஏற்றார். வைரப்பன் என்னும் நாவிதர் போலீஸாருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை புகுந்தார்.

30-ந் தேதி உப்பெடுத்த ராஜாஜி கைதியானார். ஸ்ரீ கே. சந்தானம் தலைமையை ஏற்றார், உப்பெடுப்பது நிற்கவில்லை. தண்டியிலும் இம்முறையே கையாளப்பட்டது. யாத்திரைக்கு முன்னதாகவே குஜராத் வித்யாபீட மாணவர் சிலர் கிராமந்தோறும் சென்று நிலைமையை விசாரித்து வந்தனர். மகாத்மா கைதியானதும் அப்பாஸ் தயாப்ஜியும், அவர் கைதியானதும் சரோஜினி தேவியாரும் பொறுப்பேற்றனர்.

இவற்றால் விளங்குவன மூன்று. ஒவ்வொரு வேலைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் வேண்டும். அவர் இல்லாதபோது நிற்பவர் இன்னார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். உலை வைப்பவருக்கும் கணக்கெழுதுபவருக்கும் மேடையில் பேசுபவருக்குள்ள மதிப்புக் குறையாமல் இருக்க வேண்டும்.

பொறுப்பைப் பலருக்குப் பிரித்தால் கட்டுப்பாடு குலையும் என்பாரும் உளர். அதிகாரத்தைப் பிரித்துப் பொறுப்பைப் பிரிக்காவிடில் குலையும் என்பது மெய்யே. யாவும் தம் கையாலேயே நடைபெற வேண்டுமென்னும் தலைவர், எவ்வளவு உத்தமராயினும், தம்மோடு தம் இயக்கத்தையும் சிறைக்கு அழைத்துச் செல்பவராவார். தம் கீழுள்ளோரைப் பழக்கிவிடுபவரே மெய்யான தலைவர்.

ஆதலின் தொண்டர்களுக்கு நாம் கூறுவது ஒன்று. அடுத்த கமிட்டிக் கூட்டம் கலையுமுன், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஒரு பெயரும், ஒரு தேதியும், மாற்றாள் ஒருவர் பெயரும் எழுதுங்கள். எழுத ஆள் அகப்படாத தீர்மானத்தை அடித்துவிடுங்கள். நிறைவேறாத நூறு தீர்மானங்களைவிட, ஆளுள்ள ஒரு தீர்மானம் தேசத்துக்கு அதிகம் பயன்படும்.