பழம்பொருளும் அயல்நாட்டுப் பொதியும்

வீட்டில் உபயோகத்திலிருந்து நீங்கிய பொருள்களை விற்பது நம் நாட்டுக் குடும்பங்களுக்குப் பழகிய வழக்கமாகும். பித்தளைப் பாத்திரங்களைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரங்களைப் பெற்றதும், நைந்த பட்டுப் புடவைகளைச் சரிகைக்காக விற்றதும் மூத்த தலைமுறையினரின் நினைவில் இன்றும் உள்ளன. அவ்விற்பனைகளில் பொருளின் விலையை நிர்ணயித்தது உலோகத்தின் எடையே. குடத்தின் வடிவத்திற்கோ, முந்தானையின் வேலைப்பாட்டிற்கோ விலை இருந்ததில்லை. வாங்கப்பட்டவை பெரும்பாலும் உருக்கு உலைக்கே சென்றன.

இணையத்தின் வருகையால் இப்போது வேறொரு சந்தை உருவாகியுள்ளது. சிற்றூரில் இருப்பவரும் தம் வீட்டுப் பரணிலுள்ள பொருளின் படத்தை இலண்டனிலோ டொரண்டோவிலோ உள்ள ஒருவருக்குக் காட்டி, விலை பேசி, அஞ்சலில் அனுப்ப இயலும். வாணிகத்தைத் தொழிலாகக் கொள்ளாமல், சேகரிப்பு ஆர்வத்தினாலோ சிறு வருவாய் கருதியோ அவ்வப்போது பழம்பொருள்களை விற்போர் பலர் உள்ளனர். இவர்கள் தம் பொருள்களை அயல் நாடுகளுக்கு அனுப்பலாமா? அனுப்பலாம் எனில் எவற்றை, எவ்விதம் அனுப்ப வேண்டும்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரியும் அதன் சுற்றுப்புறமும்

இவ்வினாவை ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த நகரம் நகரி. அண்டையிலுள்ள ஏகாம்பரகுப்பத்தைப் போலவே இதுவும் விசைத்தறிகளால் வாழும் ஊராகும். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நகரி ஆந்திரத்தில் நீடித்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் உருவாயிற்று. எல்லைகள் மாறினும், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்து வீடுகளில் புழங்கும் பொருள்கள் மாறவில்லை.

திருப்பதி யாத்திரையின்போது வாங்கிய மரப்பாச்சிப் பொம்மைகள், காளத்தியில் எழுதுகோலால் வரையப்பட்ட கலம்காரித் துணிகள், பட்டுப் புடவைகள், பித்தளை விளக்குகள், ஓலைச்சுவடிகள், பழைய நாணயங்கள், வால்வு வானொலிப் பெட்டிகள் ஆகியவை இங்குள்ள பல குடும்பங்களில் கிடைப்பவை. அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் விரும்புவனவும் இவையே. ஆனால் இப்பட்டியலில் உள்ள சிலவற்றைத் தடையின்றி அனுப்பலாம். சிலவற்றைச் சான்றிதழ் பெற்றே அனுப்பலாம். சிலவற்றை அனுப்புவது குற்றமாகும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு பொருள்களுக்கிடையே சட்டம் வகுத்துள்ள வேறுபாட்டை அறியாமையே ஆர்வமுள்ள விற்பனையாளரை இடருக்கு உள்ளாக்குகிறது.

நூறாண்டு எல்லை

முதலில் அறிய வேண்டியது பொருளின் வயது. தொல்பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1947இலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இல் நிறைவேறி, 1976 ஏப்ரல் 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய நாணயம், சிற்பம், ஓவியம், பிற கலை அல்லது கைவினைப் படைப்பு ஆகியவை இச்சட்டப்படி தொல்பொருள்களாகும். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வகையில் மதிப்புடைய கையெழுத்துச் சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டுகளே எல்லை. தொல்பொருளை நாட்டிற்கு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும், அதனால் அதிகாரம் அளிக்கப்பட்ட அமைப்புக்கும் மட்டுமே உண்டு. மீறுவோருக்கு ஆறு மாதத்திற்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம்.

இவ்வெல்லை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஆண்டுதோறும் நகர்ந்து வருகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1919ஆம் ஆண்டு பொறித்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். சட்டம் நடைமுறைக்கு வந்த 1976இல் அதன் வயது 57. அன்று அது தொல்பொருள் அன்று. 2019இல் நூறாண்டு நிறைவுற்றதும் அதே நாணயம், அதே பெட்டியில் இருந்தபடியே, தொல்பொருள் ஆகிவிட்டது. தந்தை தடையின்றி அனுப்பக்கூடியதாக இருந்த நாணயத்தை மகன் அனுப்பினால் குற்றமாகிறது. விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய நாணயங்களும், கிழக்கிந்தியக் கம்பெனியின் காசுகளும் இவ்வெல்லையை எப்போதோ கடந்துவிட்டன. நாணயம் சேகரிப்போர் ஒருவருக்கொருவர் மாற்றிக் கொள்வதும் அஞ்சலில் அனுப்புவதும் இயல்பாதலின், அவர்கள் இதனைத் தவறாது நினைவிற் கொள்ளல் வேண்டும்.

காளத்திக் கலம்காரியும் இவ்வாறே. நலிந்திருந்த இக்கலைக்குப் புத்துயிர் அளிக்க 1950களின் இறுதியில் அவ்வூரில் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் எழுதப்பட்ட துணிகள் நூறாண்டை எட்டாதவை. ஆனால் பாட்டனார் காலத்துத் துணியென்று குடும்பத்தில் சொல்லப்படும் ஒன்று நூறாண்டைக் கடந்ததாக இருக்கலாம். வாய்மொழியாக வந்த செய்தி சுங்க அதிகாரியிடம் செல்லாது. ஒரு பொருள் தொல்பொருளா அன்றா என்ற ஐயம் எழுந்தால், முடிவு கூறும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையைச் சார்ந்தது. தொல்பொருள் அன்று என்று அத்துறையின் வல்லுநர்கள் வழங்கும் சான்றிதழ் விற்பனையாளருக்குக் காப்பாக அமைகிறது.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசர் திருமேனி, ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரிலுள்ள தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடைந்தது. நெடிய முயற்சிக்குப் பின்னரே 2014இல் நாடு திரும்பியது. தொல்பொருள்களைப் புதிய கைவினைப் பொருள்களென்று எழுதி அனுப்புவது கடத்தல்காரர்களின் வழக்கமான உத்தியாகும். நேர்மையான குடும்பத் தலைவர் அனுப்பும் பித்தளை விளக்கும் அதே சுங்கச் சோதனையையே கடக்க வேண்டியுள்ளது. அதிகாரியின் முன் உள்ளது பொதி மட்டுமே. அனுப்புநரின் மனம் அவருக்குத் தெரியாது. எனவே ஆவணமே பேச வேண்டும்.

மரமும் தந்தமும்

இரண்டாவதாக அறிய வேண்டியது பொருள் எதனால் செய்யப்பட்டது என்பது. இவ்வட்டாரத்திற்கே உரிய சிக்கல் இதில் அடங்கியுள்ளது. சேஷாசல மலைத்தொடரிலும் அதனை அடுத்த கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் செம்மரம், அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளானது. அருகி வரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் அது இடம் பெற்றுள்ளது. செம்மரத்தை ஏற்றுமதி செய்வதற்கு நம் நாட்டின் அயல் வாணிகக் கொள்கை தடை விதித்துள்ளது. இசைக்கருவி போன்ற மதிப்புக் கூட்டிய சில பொருள்களுக்கு, முறையாகப் பெற்ற மரத்தால் ஆனவையெனில், உரிமத்தின் பேரில் இடமுண்டு.

திருப்பதியில் விற்கப்பட்ட பழைய மரப்பாச்சிப் பொம்மைகள் பலவும் செம்மரத்தால் கடையப்பட்டவை. மணமகளுக்குச் சீராகக் கொடுத்ததும், கொலுவின் முதற்படியில் வைத்ததும், குழந்தைக்கு உரைத்துப் பூசியதும் இப்பொம்மையையே. ஐம்பது ஆண்டு வயதுடைய மரப்பாச்சி தொல்பொருள் சட்டத்தில் அகப்படாது. ஆயினும் அதன் மரம் செம்மரமாயின் வேறொரு விதியில் அகப்படும். வேறு மரங்களால் செய்து சாயம் பூசிய பொம்மைகளும் விற்பனையில் உள்ளமையால், நிறத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் இயலாது. மரத்தை அறிந்தவரிடமோ வனத்துறையினரிடமோ கேட்டறிந்த பின்னரே அனுப்புவது பற்றி எண்ண வேண்டும்.

தந்தம் பற்றி ஐயத்திற்கே இடமில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. தந்த வாணிகத்தை அதன் பிற்காலத் திருத்தங்கள் முற்றிலும் தடுத்துவிட்டன. பழைய வீணைகளில் தந்த இழைப்பு வேலைப்பாடு காணப்படுவதுண்டு. வீணை எனும் பெயரில் விற்கப்படினும், அதிலுள்ள சிறு தந்தத் துண்டு முழுக் கருவியையும் தடைக்குட்படுத்தப் போதுமானது.

அஞ்சலகத்தில்

வயதும் மூலப்பொருளும் தெளிவான பின் எஞ்சுவது நடைமுறை. முன்னாட்களில் ஏற்றுமதி என்பது துறைமுகத்தையும் முகவரையும் சார்ந்ததாக இருந்தது. இன்று அஞ்சல் துறை, சிறு ஏற்றுமதியாளர்களுக்கென 2022 இறுதியில் தொடங்கிய அஞ்சலக ஏற்றுமதி மையங்களை நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அமைத்துள்ளது. ஆவணங்களைக் கணினி வழியே தாக்கல் செய்யும் முறையும் வந்துள்ளது. சொந்த உபயோகத்திற்கன்றி வாணிகமாக அனுப்புவோர் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற வேண்டும். இதற்கான கட்டணம் 500 ரூபாய். வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணே குறியீட்டு எண்ணாகவும் அமைகிறது. விற்ற தொகை முறையான வங்கி வழியே வந்து சேர வேண்டும்.

பொதியின் மீது ஒட்டப்படும் சுங்க அறிவிப்புப் படிவம் சிறியதேயாயினும் கனமான பொறுப்பை உடையது. பொருளின் பெயரும் மதிப்பும் தன்மையும் அதில் எழுதப்பட்டு, அனுப்புநர் கையொப்பமிடுகிறார். வாங்குவோரில் சிலர், வரியைத் தவிர்க்கக் கருதி, “அன்பளிப்பு” என்று குறித்துக் குறைந்த மதிப்பை எழுதுமாறு வேண்டுவர். இதற்கு இணங்குதல் கூடாது. பொய்யாக அறிவிக்கப்பட்ட பொருளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் விதிக்கவும் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் இடந்தருகிறது. மேலும், வழியில் பொதி தொலைந்தால் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கோரவும் இயலாது. வாங்குபவரின் ஆதாயத்திற்காக விற்பவர் தம் கையொப்பத்தைப் பணயம் வைப்பதாகவே இது முடியும்.

பெறும் நாட்டின் விதிகளும் மாறிவருகின்றன. குறைந்த மதிப்புள்ள பொதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அளித்து வந்த மதிப்புக் கூட்டு வரிச் சலுகை 2021 ஜூலையில் முடிவுற்றது. 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு அமெரிக்கா அளித்து வந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டபோது, இந்திய அஞ்சல் துறை அந்நாட்டிற்கான பொதிச் சேவையைச் சில வாரங்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. வரியைத் தாம் செலுத்த வேண்டுமென்று அறியாத வாங்குபவர் பொதியை மறுத்துவிடுவதும் உண்டு. திரும்பி வரும் பொதி நம் நாட்டுச் சுங்கத்தை மீண்டும் கடக்க வேண்டும். முன்னர் ஏற்றுமதி செய்தமைக்கு ஆவணம் இல்லையெனில், தம் வீட்டுப் பொருளையே அயல்நாட்டுச் சரக்காகக் கருதி வரி கேட்கப்படும் நிலை விற்பனையாளருக்கு ஏற்படலாம்.

செய்யத் தக்கவை

இத்துணை இடர்கள் உள்ளனவெனில், அயல்நாட்டு விற்பனையை அறவே தவிர்ப்பது நலமன்றோ என்று கேட்கலாம். அவ்வாறு கூறிவிடல் முறையாகாது. சரிகைக்காக உருக்கப்படவிருந்த அறுபது ஆண்டுப் பழமையான புடவையை, அதன் நெசவின் சிறப்பறிந்த ஒருவர் வாங்கிப் பாதுகாத்தால், குடும்பத்திற்கு வருவாயும் புடவைக்கு நீண்ட வாழ்வும் கிடைக்கின்றன. பழுதுபார்க்க ஆளின்றிக் கிடக்கும் வானொலிப் பெட்டிக்கும் இது பொருந்தும். சட்டம் காக்க விழைவது நாட்டின் தொன்மைச் செல்வத்தையும் காட்டையும் ஆகும். பரணிலுள்ள எல்லாப் பொருளையும் அன்று.

எனவே, விற்பனையாளர் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று செய்திகளை எழுத்தில் உறுதி செய்துகொள்ளல் வேண்டும்: அதன் வயது, அது எதனால் ஆனது, அது தம்மிடம் வந்த வழி. மூன்றுக்கும் சான்றுடன் விடை கூற இயலுமாயின் அனுப்பலாம். வயதில் ஐயமிருப்பின் சான்றிதழ் பெற வேண்டும். பொருள் வந்த வழி தெரியாதெனில், எவ்வளவு விலை கிடைப்பினும் கைவிட வேண்டும். கோயிலைச் சேர்ந்ததாகத் தோன்றும் எதுவும் இக்கடைசி வகையிலேயே அடங்கும்.

அரசு அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. நானூறு ரூபாய் மதிப்புள்ள விளக்கிற்குச் சான்றிதழ் பெற நகரியிலிருந்து பெருநகர் ஒன்றுக்குப் பயணம் செய்ய வேண்டுமெனில், எளியவர் சட்டத்தைப் புறக்கணிப்பார் அல்லது விளக்கை எடைக்குப் போடுவார். இரண்டும் நாட்டிற்கு இழப்பே. ஏற்றுமதி மையங்கள் உள்ள அஞ்சலகங்களில் குறிப்பிட்ட நாட்களில் தொல்லியல், வனத் துறைகளின் வல்லுநர்கள் வந்து பொருள்களைப் பார்வையிட ஏற்பாடு செய்தால் இந்நிலை மாறும். விதிகளைத் தெலுங்கிலும் தமிழிலும் எளிய கையேடாக அச்சிட்டு அங்கேயே வழங்குதலும் பயன் தரும்.

எடைக்கு விற்ற பித்தளைக் குடம் உலையில் மறைந்தது. ஆராயாமல் அனுப்பிய தொல்பொருளும் அவ்வாறே நம் கையை விட்டு அகன்றுவிடும்; அதனை மீட்க அரசுகளுக்கே ஆண்டுகள் பல ஆகின்றன. ஆராய்ந்து அனுப்பிய பொருளோ குடும்பத்திற்கு நேரிய வருவாயாகவும், நம் கைவினைக்கு அயல் நாட்டில் ஒரு சான்றாகவும் நிற்கும். பொதியைக் கட்டுமுன் பொருளை அறிந்துகொள்வதே இத்துறையில் இறங்குவோரின் முதற் கடமையாகும்.