கோழித் தீவனத்தில் மூலிகைகள்

இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழிக்குஞ்சு முட்டையினின்று வெளிவரும்போது ஏறக்குறைய 40 கிராம் எடையே உடையது. ஆறு வாரங்களுக்குள் அது 2 கிலோகிராம் எடையை எட்டிவிடுகிறது. இதற்கு நல்ல இனமும் சத்துள்ள தீவனமும் காரணம் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், நெடுங்காலமாக மூன்றாவது பொருள் ஒன்றும் இதில் பங்கு கொண்டிருந்தது. அதுவே ஆன்டிபயாடிக் மருந்து.

1940-களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் விஞ்ஞானிகள் 'பி-12' வைட்டமின் அடங்கிய மலிவான பொருள் ஒன்றைத் தேடினர். ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சிய கசண்டைக் குஞ்சுகளுக்கு ஊட்டியபோது, வைட்டமினால் மட்டும் விளையக்கூடியதைக் காட்டிலும் அவை மிகுதியாக வளர்ந்தன. கசண்டில் தங்கியிருந்த மருந்தே காரணம் எனப் பின்னர்ப் புலனாயிற்று. நோயற்ற கோழிக்கும் சிறிதளவு மருந்தூட்டும் வழக்கம் இவ்வாறு பரவியது. அதன் தீங்கு மெல்லவே வெளிப்பட்டது. மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் பெருகவே, மனிதரின் நோய்க்கும் அம்மருந்து பயன்படாமற்போகும் அபாயம் தோன்றிற்று. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் ஊட்டுவதை ஸ்வீடன் 1986-லும், ஐரோப்பிய யூனியன் 2006-லும் விலக்கின. வேறு மருந்து பலிக்காதபோது கையாளவென டாக்டர்கள் ஒதுக்கி வைத்திருக்கும் காலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை இந்திய அரசாங்கம் 2019 ஜூலையில் தடை செய்தது.

அந்த இடத்தை நிரப்பும் பொருளைத் தேடுவோரின் கண் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியின்மீது விழுந்ததில் வியப்பில்லை. ஓமத்திலுள்ள தைமால் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கிறது. வெள்ளைப்பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசினும் கிருமிகளை எதிர்க்கிறது. மஞ்சளின் குர்க்குமின் கல்லீரலுக்குத் துணை செய்வதாகப் பல சோதனைகள் காட்டுகின்றன. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் தோன்றும் அஃப்ளடாக்சின் நஞ்சு தாக்குவது கல்லீரலையே. 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகளை மாய்த்தது இந்நஞ்சுதான். எனினும், மஞ்சளை நம்பிப் பூஞ்சணத் தீவனத்தை ஊட்டுவது பேதைமையாகும்.

கோடைக்கு நெல்லிக்காய் ஏற்றது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாய் திறந்து இரைத்தே அது சூட்டைத் தணிக்கிறது. 'சி' வைட்டமினைக் கோழியின் உடலே உண்டாக்கிக்கொள்ளும். கடும் வெப்பத்தில் அது போதாமற் போகும்போது நெல்லிப்பொடி ஈடு செய்கிறது.

இறைச்சியின் தரத்திலும் மாறுதல் காணப்படுகிறது. ஆட்டுக் கொழுப்பினும் கோழிக் கொழுப்பு எளிதில் ஆக்சிஜனுடன் கூடிக் காறலடிக்கும் இயல்புடையது. மூலிகைகளிலுள்ள பொருள்கள் இம்மாற்றத்தைத் தாமதப்படுத்துவதால், இறைச்சியின் மணமும் சுவையும் சில நாட்கள் கூடுதலாக நிலைக்கக்கூடும்.

பலன் எல்லாச் சோதனைகளிலும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் கூறவேண்டும். விளைந்த மண், அறுத்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றுக்கேற்ப மூலிகையின் வீரியம் மாறும். வேப்பிலை மிகுந்தால் கசப்பினால் கோழி தீவனத்தையே குறைத்துக்கொள்ளும். ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசியன்றி எந்த மூலிகையும் காப்பாகாது.

செலவுக் கணக்கு எளிது. 2 கிலோகிராம் எடைக்குக் கோழி ஒன்று சுமார் 3.4 கிலோகிராம் தீவனம் உண்கிறது எனக் கொள்வோம். கிலோவுக்கு 5 கிராம் வீதம் மஞ்சள் கலந்தால் கோழிக்கு 17 கிராம் செலவாகும். அதனால் 100 கிராம் தீவனம் மீதமானால், மஞ்சளின் விலை தீவன விலையைப்போல் ஆறு மடங்குக்குக் குறைவாக இருக்கும்வரைதான் ஆதாயம். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை இரு பட்டிகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் மூலிகை கலந்து ஊட்டி, வாரந்தோறும் எடையையும் தீவனத்தையும் குறித்துவந்தால், அந்த 100 கிராம் தம் பண்ணையில் மீதமாகிறதா என்பதை வளர்ப்போரே கண்டுகொள்ளலாம்.