பழைய சாத்திரியாவும் அம்மாவின் சேமிப்பும்

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது நம் முன்னோர் வாக்கு. பழைய கார் வாங்கப் போகும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை வேறில்லை. அதிலும் வாங்கப் போவது புரோட்டோன் சாத்திரியா ஜிடிஐ என்றால், ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

சிரம்பான், தெமியாங்கில் வளர்ந்தவன் நான். என் அண்ணனுக்குச் சிறு வயது முதலே இந்தக் காரின் மீது மோகம். பல்லாண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மா, தாம் சேர்த்து வைத்திருந்த 25,000 வெள்ளியை அண்ணனிடம் கொடுத்தார். “பாத்து வாங்குய்யா” என்ற ஒரு சொல்லோடு சரி. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இக்காரின் சிறப்பு என்னவென்று பார்ப்போம். சாத்திரியா 1994-இல் வெளிவந்தது. 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கியது. லோட்டஸ் பொறியியலாளர்களின் கைவண்ணத்தில் 1990-களின் இறுதியில் உருவானதே ஜிடிஐ. மிட்சுபிஷியின் 1,834 சிசி எஞ்சின், சுமார் 140 குதிரைத்திறன், ரெக்காரோ இருக்கைகள், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் ஆகியவை இதன் அடையாளங்கள். இதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனவே, நல்ல வண்டிகள் அரிதாகிவிட்டன, போலிகளோ பெருகிவிட்டன. சாதாரண சாத்திரியாவுக்கு ஜிடிஐ உடையைப் போட்டு, எஞ்சினையும் மாற்றி, ஜிடிஐ விலையில் விற்பவர்கள் உண்டு.

நாங்கள் முதலில் பார்த்த வண்டியும் அப்படித்தான். பளபளக்கும் சாயம், மிரட்டும் சத்தம்! அண்ணன் முன்பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார். நான் சாலை வரியைக் கேட்டேன். 90 ரிங்கிட் என்றிருந்தது. தீபகற்ப மலேசியாவில் 1,834 சிசி தனியார் காருக்குச் சாலை வரி 297 ரிங்கிட். 90 ரிங்கிட் என்பது 1,401 முதல் 1,600 சிசி வரையிலான காருக்கு உரியது. கிராண்டை வாங்கிப் பார்த்தோம். அதில் 1,597 சிசி என்றே இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே 1.8 எஞ்சின்! “அதெல்லாம் ஜேபிஜேல மாத்திக்கலாம் தம்பி” என்றார் விற்பவர். பதிவு செய்யாத எஞ்சினோடு பெயர் மாற்றத்திற்கான பி5 ஆய்வில் தேற முடியாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணமும் கேள்விக்குறியாகிவிடும். நாங்கள் திரும்பிவிட்டோம். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆகவே நண்பர்களே, முதலில் தாள்களைப் பாருங்கள். எஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் கிராண்டோடு ஒத்துப்போக வேண்டும். அதன் பிறகே வண்டியைப் பாருங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்லுங்கள். முதலில் இயக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அது ஓரளவு செலவில் தீரும். ஓடும்போதும் தொடர்ந்து வந்தால், பிஸ்டன் வளையம் போயிருக்கலாம், அது பெருஞ்செலவு. ரேடியேட்டர் நீரில் எண்ணெய் மிதந்தால் விலகிவிடுங்கள். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் புதிய வெல்டிங் தென்பட்டால், வண்டி பின்னால் அடிபட்டிருக்கக்கூடும். பிறகு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். நாங்கள் ஜெலுபு சாலையில் புக்கிட் தங்கா ஏற்றத்தில் ஓட்டினோம். எஞ்சின் அலறியும் வேகம் கூடாவிட்டால், கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள். இரண்டாம் கியருக்கு மாற்றும்போது உரசும் சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள்.

இனி விலை. ‘யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம்’ என்ற கதை ஆகிவிடக்கூடாது. மூன்று மாதம் கழித்து, தாள்கள் யாவும் சரியாக இருந்த ஒரு ஜிடிஐ கிடைத்தது. கேட்ட விலை 24,000. தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று கணக்குப் போட்டோம். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை, ஆகவே அதற்கு 600, கிளட்ச் 900, டயர்கள் 1,000, வால்வு சீல் 700. மொத்தம் 3,200. பட்டியலை விற்பவர் முன் வைத்தோம். அவரும் நியாயத்தை ஏற்று 21,000-க்கு இறங்கி வந்தார். பழுதுச் செலவோடு சேர்த்து 24,200 ஆயிற்று. மீதி 800-இல் சாலை வரியையும் கட்டினோம். காப்புறுதிக்கு அண்ணன் தம் கைப்பணத்தைப் போட்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார். “இவ்வளவு சின்ன காருக்கா இவ்வளவு காசு?” என்று கேட்டார். அண்ணன் சிரித்தார். எனக்கோ அந்த முதல் வண்டியின் நினைவு வந்தது. அன்று அந்த 90 ரிங்கிட்டைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

நண்பர்களே, ஆசைப்படுவது தவறன்று. ஆனால், நம் கையில் இருப்பது பெற்றோரின் வியர்வை என்பதை மறந்துவிடலாகாது. சாயத்தைப் பார்க்கும் முன் தாளைப் பாருங்கள்; விலை பேசும் முன் பழுதைக் கணக்கிடுங்கள்!