தம்பியோட கணவர்: ஒரு ஜப்பானிய மங்கா

போன வாரம் ராத்திரி ஒரு புரொடக்ஷன் இஷ்யூ. டிப்ளாய்மென்ட் முடியற வரைக்கும் தூங்கக் கூடாதேன்னு ஒரு மங்காவைக் கையில எடுத்தேன். (மாங்கா இல்லீங்க, ஜப்பானிய காமிக்ஸ்.) இஷ்யூ ரெண்டு மணிக்கே சரியாயிடுச்சு. நான் தூங்கினது அஞ்சு மணிக்கு.

புத்தகம், கெங்கோரோ தகாமே எழுதி வரைஞ்ச 'ஒத்தோத்தோ நோ ஒத்தோ'. ஜப்பானிய மொழியில தம்பிக்கும் கணவனுக்கும் உள்ள வார்த்தைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும், அந்த விளையாட்டுதான் தலைப்பு. ஆங்கிலத்துல 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்'. 2014-லிருந்து 2017 வரை 'மந்த்லி ஆக்ஷன்' பத்திரிகையில தொடரா வந்து, நாலு தொகுதியா முடிஞ்சது. ஆங்கிலப் பதிப்புக்கு 2018-ல ஐஸ்னர் விருது கிடைச்சது.

யாயிச்சி, மனைவியைப் பிரிஞ்சு மகள் கனாவைத் தனியா வளர்க்கிற அப்பா. ஒரு நாள் வாசல்ல மைக்னு ஒரு கனடாக்காரர் வந்து நிக்கறார். ஆறடிக்கு மேல உயரம், தாடி, பெரிய உடம்பு. யாயிச்சியோட ரெட்டைத் தம்பி ரியோஜி கனடா போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டது இவரைத்தான். ரியோஜி இப்ப உயிரோட இல்ல. அவன் பிறந்து வளர்ந்த ஊரைப் பார்க்கணும்னு மைக் வந்திருக்கார். கதவைத் திறந்தா, செத்துப்போன கணவரோட அதே முகம். மைக் அப்படியே கட்டிப் பிடிச்சுக்கறார்.

யாயிச்சிக்கு உடம்பெல்லாம் கூசுது. ஆனா அதை வெளியில காட்டல. இங்கதான் தகாமே ஒரு நல்ல வேலை பண்றார். யாயிச்சி மனசுல நினைக்கிறதை ஒரு கட்டத்துல முழுசா வரைவார், 'தள்ளுய்யா'ன்னு கத்தற மாதிரி. அடுத்த கட்டத்துல நிஜம், மரியாதையா ஒரு தலையாட்டல். ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாவும் இருந்தது. தெருவுல தெரிஞ்சவங்க 'இவர் யாரு?'ன்னு கேட்டா, 'தம்பியோட ஃபிரெண்டு'ன்னு சொல்லிடறார். குளிச்சுட்டு எப்பவும் மேல்சட்டை இல்லாம வர்ற மனுஷன், மைக் இருக்கார்னு தயங்கறார். ஏன் தயங்கினோம்னு அப்புறம் உட்கார்ந்து யோசிக்கவும் செய்யறார்.

கனாவுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. 'உங்க ரெண்டு பேர்ல யாரு கணவன், யாரு மனைவி?'ன்னு நேராக் கேட்டுடறா. ரெண்டு பேருமே கணவர்கள்தான்னு மைக் சொன்னதும் அவளுக்கு விஷயம் முடிஞ்சது. அந்தக் கேள்வியை யாயிச்சியும் மனசுக்குள்ள வெச்சிருந்தார்ங்கறதுதான் தமாஷ். நம்ம கணக்குல பார்த்தா மைக், கனாவுக்குச் சித்தப்பா முறை. யாயிச்சிக்கு? மச்சான், சகலை, மாப்பிள்ளைன்னு இவ்ளோ வார்த்தை வெச்சிருக்கிற நமக்கே அதுக்கு ஒண்ணு இல்ல. எங்க வேலையில சொன்னா, டிராப்டவுன்ல அந்த ஆப்ஷனே இல்ல.

ஜப்பான் சட்டத்துலயும் இல்ல. கனடாவுல 2005-லிருந்தே நாடு முழுக்க இந்தக் கல்யாணம் செல்லும். ஜப்பான்ல, இந்தத் தொடர் ஓடிக்கிட்டு இருந்த 2015-ல, டோக்கியோவுல ஷிபுயா வட்டாரம் ஓரினத் தம்பதிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்க ஆரம்பிச்சது. அது கல்யாணப் பதிவு ஆகாது. 2021-ல சப்போரோ நீதிமன்றம் ஒண்ணு, இவங்களுக்குக் கல்யாண உரிமை மறுக்கறது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லுச்சு. அதனால சட்டம் மாறிடல.

ஆனா புத்தகத்துல சட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூட வயசுலயே ரியோஜி அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டான். யாயிச்சி திட்டல, அடிக்கல, வீட்டை விட்டுப் போன்னு சொல்லல. அதைப் பத்தி அப்புறம் பேசவே இல்ல, அவ்ளோதான். அந்தப் பேசாமையிலயே ரெண்டு பேரும் தூரமாப் போயிட்டாங்க. தம்பி கல்யாணத்துல எப்படிச் சிரிச்சான்னுகூட அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சவர் இப்ப எதிர்ல உட்கார்ந்திருக்கற அந்நியர் ஒருத்தர்தான்.

இந்த இடத்துல நான் புத்தகத்தை மூடி வெச்சேன். காலேஜ்ல மூணாவது வருஷம் ஒரு நண்பன் ஹாஸ்டல் மொட்டை மாடியில என்கிட்ட இதையேதான் சொன்னான். 'சரிடா, சாப்பிட்டியா?'ன்னு கேட்டேன். நல்லவனா நடந்துக்கிட்டேன்னு பல வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு குறையும் சொல்லணும். மைக் ரொம்ப நல்லவர். கோபமே வராது. கனாவோட தோழியை இந்த வீட்டுக்கு அனுப்ப ஒரு அம்மா மறுக்கும்போது கூட. பெரும்பாலும் ஆண்கள் வாசிக்கிற பொதுப் பத்திரிகை, அவங்க மிரண்டுடக் கூடாதுன்னு தகாமே யோசிச்சிருக்கலாம். அதுக்கு முன்னாடி அவர் முழுக்க ஓரின ஆண் வாசகர்களுக்கான பெரியவர்கள் காமிக்ஸ்தான் வரைஞ்சவர். அவர் கையில இருந்து இப்படி ஒரு அமைதியான குடும்பக் கதை வந்ததே ஆச்சரியம்.

2018-ல என்எச்கே இதை மூணு பகுதி நாடகமா எடுத்தாங்க. மைக்கா நடிச்சவர் பாருட்டோ, எஸ்டோனியாவுல இருந்து வந்து சுமோவுல ஓசெகி தகுதி வரைக்கும் போனவர். நிஜமாவே ஜப்பான்ல வெளிநாட்டுக்காரரா வாழ்ந்த மனுஷன்.

கடைசித் தொகுதியில டீச்சர் யாயிச்சியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடற காட்சி ஒண்ணு வரும். அதை நான் சொல்லல, நீங்களே படிங்க. முதல் தொகுதியில 'தம்பியோட ஃபிரெண்டு'ன்னு சொன்ன அந்தப் பக்கத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்த நண்பனுக்குப் போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். இந்த எபிசோடைப் பண்ணலாமான்னும் கேட்டுக்கிட்டேன். பேர் சொல்லாம பண்ணுடான்னான்.