நகர சுகாதார நிலையமும் ஊர் திரும்பும் குடும்பங்களும்

மும்பை மாநகரின் வடகிழக்குப் புறநகர்ப் பகுதியாகிய பாண்டுப், இருப்புப் பாதைக்குக் கிழக்கே உப்பளங்களையும், மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை அடுத்த குன்றுகளையும் கொண்டது. மாநகராட்சி நிர்வாகத்தில் இது "எஸ்" வட்டத்தில் அடங்கும். மாநகரம் அருந்தும் நீரில் பெரும்பகுதியைச் சுத்திகரிக்கும் நிலையமும் இங்கேதான் இருக்கிறது. கிண்டிபாடா, அனுமான் நகர் போன்ற குடியிருப்புகளில் வீடுகள் நெருங்கியிருக்கின்றன; பல இடங்களில் சந்துகளும் படிக்கட்டுகளுமே வழி. இப்பகுதியில் வாழும் பல மொழியினருள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

இத்தகைய பகுதிகளுக்குப் பெரிய மருத்துவமனை மட்டும் போதாது என்பது வெகு நாட்களுக்கு முன்பே உணரப்பட்டது. 1982-இல் கிருஷ்ணன் குழு, நகரங்களின் ஏழை மக்களுக்கென அவர்கள் வசிக்குமிடத்துக்கு அருகிலேயே சுகாதார நிலையங்கள் அமைக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1988-இல் தொடங்கிய ஐந்தாம் இந்திய மக்கள்தொகைத் திட்டம் அப்போதைய பம்பாய், சென்னை ஆகிய இரு நகரங்களிலும் இவ்வமைப்பை விரிவாக்கியது. மக்கள் இன்று "ஹெல்த் போஸ்ட்" என்று வழங்குவது இதனையே. கருவுற்ற தாய்மாரைப் பதிவு செய்தல், தடுப்பூசி, குடும்பநலம், காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புதல், மலேரியாவுக்கு இரத்தம் எடுத்தல் யாவும் இங்குக் கட்டணமின்றி நடைபெறுகின்றன.

எனினும் நிலையத்தின் உயிர்நாடி அதன் கட்டடமன்று; வீடு வீடாகச் செல்லும் ஆரோக்கிய சேவிகா என்னும் பெண் ஊழியர். எந்தச் சந்தில் எவள் கருவுற்றிருக்கிறாள், எவர் வீட்டில் மூன்று வாரமாக இருமல் கேட்கிறது என்பதை அவரே அறிவார். மதிப்பூதியம் பெற்று உழைக்கும் இவர்கள் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்குமாக நெடுங்காலமாகக் கோரிக்கை எழுப்பி வருகின்றனர். அவர்களது உழைப்பின் அளவை அறிந்தோருக்கு அக்கோரிக்கை வியப்பளிக்காது.

இவ்வளவு இருந்தும் ஓர் இடைவெளி எஞ்சி நிற்கிறது. அது தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு வழக்கத்திலிருந்து எழுவது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடைபெற வேண்டுமென்பது மரபு. மும்பைத் தமிழருள் கணிசமானோர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளைச் சேர்ந்தோர். பாண்டுப்பில் பதிவு செய்துகொண்ட பெண் வளைகாப்பு முடிந்ததும் தாதரில் ரயிலேறுகிறாள். குழந்தையுடன் மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ கணவன் வீடு திரும்புகிறாள். பிறந்தவுடன் போட வேண்டிய பி.சி.ஜி., மஞ்சட்காமாலை "பி" ஊசிகளும் போலியோச் சொட்டும் ஊர் மருத்துவமனையிலேயே கிடைத்துவிடுகின்றன. அடுத்தவை 6, 10, 14 ஆகிய வாரங்களில் வருபவை. அம்மூன்று தவணைகளும் பயணத்துக்கு முன்னும் பின்னுமாகச் சிதறும் வாரங்களாக அமைந்துவிடுகின்றன. ஊரிலுள்ள கிராம சுகாதாரச் செவிலியர், தாயும் சேயும் மும்பை சென்றுவிட்டதாகக் குறிக்கிறார். பாண்டுப்பிலுள்ள சேவிகாவோ அவர்கள் இன்னும் ஊரிலேயே இருப்பதாக எண்ணுகிறார். குழந்தை இரு பதிவேடுகளிலும் இருந்தும் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

இவ்வாரங்கள் காரணமின்றிக் குறிக்கப்பட்டவையல்ல. அப்போது இடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இசிவு நோய், மஞ்சட்காமாலை "பி", ஹிப் கிருமி ஆகியவற்றை எதிர்க்கிறது. இவற்றுள் கக்குவான் இருமல் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கே மிகக் கொடியது. ஆதலால் காலதாமதம் ஆபத்தான மாதங்களிலேயே குழந்தையைக் காப்பின்றி விடுகிறது. தட்டம்மை ஊசி இதற்கு மாறானது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் குழந்தையின் உடலில் இருக்கும்வரை அவ்வூசி செவ்வனே வேலை செய்யாது. எனவே அது ஒன்பது மாதம் நிறைந்த பின் முதல் தவணையாகவும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணையாகவும் இடப்படுகிறது.

நம் தென்மாவட்டங்களில் மணல்வாரி என்று சொல்லப்படும் இத்தட்டம்மை மிக வேகமாகத் தொற்றுவது. காப்பில்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பக்கூடும். ஆகவே நூற்றுக்கு 95 குழந்தைகளாவது இரு தவணைகளும் பெற்றிருத்தல் வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மும்பையின் நெருக்கமான குடியிருப்புகளில் தட்டம்மை பரவியதும், குழந்தைகள் இறந்ததும் நினைவிருக்கலாம். அவ்வாண்டு நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், நோய் பரவும் பகுதிகளில் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோருக்குக் கூடுதல் தவணை ஒன்று அளிக்கலாமென அறிவுறுத்தியது. அம்மை கண்ட வீட்டில் மஞ்சள் தெளித்து, வேப்பிலை செருகி, ஊசியைத் தள்ளிப்போடும் பழக்கம் நம்மவரிடம் இன்றும் முற்றும் மறையவில்லை. வேப்பிலையோடு எவருக்கும் பிணக்கில்லை. ஆனால் நோயுற்ற குழந்தைக்கு வைட்டமின் "ஏ" அளித்தாக வேண்டும், அதுவோ சுகாதார நிலையத்தில்தான் கிடைக்கும்.

தவணை தவறிய தாய்மார் பலர், "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்பார்களே என அஞ்சி நிலையத்துக்கு வராமலே இருந்துவிடுகின்றனர். கள ஊழியர் முதலில் நீக்க வேண்டியது இவ்வச்சத்தையே. விடுபட்ட தவணைக்காக எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தாற் போதும். ஐந்து நோய்த் தடுப்பூசியை ஒரு வயதுக்குள் தொடங்கியிருப்பின் அதன் பிறகும் முடிக்கலாம். தட்டம்மை ஊசி ஐந்து வயது வரை இடப்படுகிறது. அட்டை தொலைந்து, தாய்க்கும் நினைவில்லையெனில், குழந்தை ஊசி பெறாததாகவே கொள்ளப்படும். தட்டம்மை ஊசி ஒரு தவணை மிகுதியாயினும் தீங்கில்லை.

தாய் சேய் பாதுகாப்பு அட்டை நாடெங்கும் ஒரே அமைப்பு உடையது. மராத்தியில் அச்சிட்ட அட்டையைத் திருநெல்வேலிச் செவிலியரும், தமிழில் அச்சிட்டதைப் பாண்டுப் ஊழியரும் கட்டங்களின் வயது வரிசையைக் கொண்டே படித்துக்கொள்ள இயலும். 2023-இல் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கப்பட்ட யூ-வின் என்னும் மின்னணுப் பதிவு, எவ்வூரில் இட்ட ஊசியையும் வேற்றூரில் காணச் செய்கிறது. ஆயினும் ஒரே குடும்பம் ஊரில் தாத்தாவின் கைபேசி எண்ணையும், மும்பையில் தந்தையின் எண்ணையும் கொடுத்தால் குழந்தை இரண்டு பேராகப் பதிவாகக்கூடும். பயணம் புறப்படுமுன் எந்த எண் கொடுக்கப்பட்டது என்பதை அட்டையின் மேலேயே எழுதி வைப்பது நன்று.

ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. ஐந்து, ஆறு வயதில் ஓர் ஊக்கத் தவணையும், 10, 16 ஆகிய வயதுகளில் இசிவு நோய்–தொண்டை அடைப்பான் ஊசியும் உரியவை. கோடை விடுமுறைக்கு ஊர் சென்ற பிள்ளைகள் ஜூன் மாதத்தில் திரும்பும்போது, சேர்க்கைத் தாள்களோடு அட்டையையும் கேட்டுப் பார்த்தால், வீட்டிலுள்ள கைக்குழந்தையின் நிலையும் அப்போதே தெரிந்துவிடும்.