வலி மாத்திரை: அட்டையைத் திருப்பிப் பாருங்க

இன்னைக்கு நம்ம வழக்கமான டெக் ஏரியாவை விட்டுக் கொஞ்சம் வெளியே போறோம். முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுற ஆளு. போன வருஷம் எங்க வீட்ல நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் இதைப் பத்தி நிறைய படிச்சேன், ரெண்டு டாக்டர் நண்பர்களைக் கேள்வி கேட்டே கொன்னுட்டேன். இதைக் கேட்டுட்டு எந்த மாத்திரையையும் நீங்களா ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்க டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சா போதும்.

அப்பாவுக்கு 61 வயசு. முழங்கால் வலி. எனக்கு நாள் பூரா உட்கார்ந்து வேலை பார்த்து முதுகுவலி வந்தப்போ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வீட்ல மிச்சம் இருந்துச்சு. எனக்கு நல்லா கேட்டுச்சு. "இதைப் போட்டுப் பாருங்கப்பா"ன்னு அட்டையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ரெண்டே நாள்ல வலி குறைஞ்சது, அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தீர்ந்ததும் தெருமுனை மெடிக்கல்ல அவரே வாங்க ஆரம்பிச்சார். ஒரு நாள் அந்த பிராண்ட் இல்லைன்னு வேற ஒண்ணு கொடுத்திருக்காங்க. அடுத்த வாரம் பழையதும் கிடைச்சது. ரெண்டும் வேற வேற மருந்துன்னு நினைச்சு காலையில ஒண்ணு, ராத்திரி இன்னொண்ணுன்னு போட்டிருக்கார். மே மாசம், நல்ல வெயில். மூணு வாரத்துல கால் வீங்கி, பிபி எகிறிடுச்சு. ரத்தப் பரிசோதனையில கிரியேட்டினின் 2.3. முந்தின வருஷம் 1.1தான் இருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு கேட்ட முதல் கேள்வி: "வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" அப்பா ஒண்ணும் பேசல. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சரி, உள்ள என்னதான் நடந்தது? நம்ம உடம்புல புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு வகை ரசாயனம் சுரக்குது. அடிபட்ட இடத்துல வீக்கம், வலி, காய்ச்சல் வர்றதுல அதுக்குப் பெரிய பங்கு. அதைத் தயாரிக்கிற என்சைம் பேர் காக்ஸ். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகள் இந்தத் தயாரிப்பைத்தான் தடுக்குதுன்னு 1971ல ஜான் வேன் கண்டுபிடிச்சார். 1982ல நோபல் பரிசு வாங்கினவர்கள்ல அவரும் ஒருத்தர். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபனாமிக் ஆசிட் எல்லாம் இதே குடும்பம்தான்.

சிக்கல் என்னன்னா, இதே புரோஸ்டாகிளாண்டின் வலியைக் கொடுக்கிறதோட நிக்கிறதில்ல. வயித்துச் சுவரை அமிலத்துலேர்ந்து காப்பாத்துது. கிட்னிக்கு ரத்தம் போற குழாயைத் திறந்து வைக்குது. மாத்திரைக்கு முழங்கால் எது, கிட்னி எதுன்னு தெரியாது. எல்லா இடத்துலயும் ஒரே கமாண்டை ஓட்டிடும்.

"சாப்பிட்டுட்டுத்தானே போடுறேன், ஒண்ணும் ஆகாது"ன்னு நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். சாப்பிட்டுட்டு போட்டா எரிச்சல் குறையலாம். ஆனா புண் வர்றதுக்கு முக்கியக் காரணம் மாத்திரை வயித்துல உரசுறது இல்ல, ரத்தத்துல கலந்து அந்தப் பாதுகாப்பை எடுத்துடுறதுதான். அதனாலதான் ஊசியாப் போட்டாலும் அல்சர் வரலாம். கூடவே எழுதிக் கொடுக்கிற பான்டோப்ரசோல் வயித்துக்கு நல்ல காவல். ஆனா கிட்னிக்கு அது எதுவும் பண்ணாது. மலம் தார் மாதிரி கறுப்பாப் போனாலோ, காபித்தூள் மாதிரி வாந்தி வந்தாலோ காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, அது உள்ளே ரத்தம் கசியுறதோட அடையாளமா இருக்கலாம்.

இப்போ அப்பா கதைக்கு வருவோம். அவர் பிபிக்கு எடுக்கிறது டெல்மிசார்டான், கூடவே ஹைட்ரோகுளோரோதையசைட். ரெண்டும் ஒரே மாத்திரைக்குள்ள. கிட்னியை ஒரு ஃபில்டரா நினைச்சுக்குங்க. உள்ளே வர்ற குழாய், வெளியே போற குழாய், நடுவுல அழுத்தம் இருந்தாதான் ரத்தம் வடிகட்டப்படும். வலி மாத்திரை உள்ளே வர்ற குழாயைச் சுருக்குது. டெல்மிசார்டான் வெளியே போற குழாயை விரிக்குது. மூணாவது மருந்து, நீரை வெளியேத்தி மொத்த அளவையே குறைக்குது. தனித்தனியா எல்லாமே நல்ல மருந்துங்க. மூணும் சேரும்போது ஃபில்டர்ல அழுத்தமே இல்லாமப் போயிடுது. வெயில்ல தண்ணி சரியாக் குடிக்கலன்னா கேட்கவே வேணாம். ஆங்கில மருத்துவப் புத்தகங்கள்ல இந்தக் கூட்டணிக்குன்னே 'டிரிபிள் வாமி'ன்னு பேர் இருக்கு. தனித்தனியா டெஸ்ட் பாஸ் ஆகி, சேர்த்து ஓட்டும்போது சர்வர் விழுமே, அதே கதை.

(நம்ம ஊர்ல பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தா செத்ததும் டைக்ளோஃபெனாக்கால கிட்னி போய்த்தான். அந்த மருந்து கொடுத்த மாடுகளோட சடலத்தைத் தின்னதால. 2006ல மாட்டுக்கு அதைக் கொடுக்க இந்தியா தடை போட்டுச்சு.)

அடுத்தது பிராண்ட் பேர் விவகாரம். இதுலதான் நிறையப் பேர் மாட்டுறாங்க. ஜெரோடால்-பி வாங்கினா உள்ள அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால். காம்பிஃப்ளாம்னா ஐபுபுரோஃபென், பாராசிட்டமால். வோவெரான்னா டைக்ளோஃபெனாக். மெஃப்டால் ஸ்பாஸ்ல மெஃபனாமிக் ஆசிட் இருக்கு. பேர் நாலு, உள்ள ஓடுறது ஒரே லைப்ரரி. ரெண்டைச் சேர்த்துப் போட்டா வலி ரெண்டு மடங்கு குறையாது, ஆபத்துதான் ஏறும். டோலோ 650 மட்டும் வேற, அது வெறும் பாராசிட்டமால், இந்தக் குடும்பம் இல்ல. ஆனா காம்பிஃப்ளாம் போட்டுட்டு மேல டோலோவும் போட்டா பாராசிட்டமால் கணக்கு ஏறுதுங்கிறதை மறந்துடாதீங்க. அட்டையைத் திருப்பினா பின்னாடி சின்ன எழுத்துல உள்ள இருக்கிற மருந்தோட பேர் இருக்கும், கண்ணுல படலன்னா போன்ல படம் எடுத்து ஜூம் பண்ணிப் படிங்க. டைக்ளோஃபெனாக் எல்லாம் ஷெட்யூல் எச் மருந்து, டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கொடுக்கணும். நடைமுறை நமக்குத் தெரியும்.

மழைக்காலக் காய்ச்சலுக்குத் தனியா ஒரு வார்த்தை. டெங்கு இல்லைன்னு உறுதியாகுற வரைக்கும் இந்த மாத்திரைகள் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். டெங்குல ஏற்கெனவே பிளேட்லெட் குறையும், இவை ரத்தக்கசிவை இன்னும் மோசமாக்கும். அல்சர், கிட்னி, ஹார்ட் பிரச்சினை இருக்கிறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம தொடவே வேண்டாம். ஆஸ்துமா இருக்கிற சிலருக்கு இதால மூச்சுத்திணறல் வரும். வார இறுதியில சரக்கடிச்சுட்டு மறுநாள் தலைவலிக்கு ஐபுபுரோஃபென் போடுற நண்பர்களே, உங்க வயித்தையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

அப்போ தொடவே கூடாதான்னா, அப்படி இல்ல. சுளுக்கு, பல்வலி, பீரியட்ஸ் வலிக்கெல்லாம் நிஜமாவே நல்லா வேலை செய்யுற மருந்து. கம்மியான டோஸ், கம்மியான நாள், அவ்வளவுதான். ரெண்டு மூணு நாள்ல வலி அடங்கலன்னா அடுத்த அட்டை வாங்காம டாக்டரைப் பாருங்க.

அப்பாவுக்கு வலி மாத்திரையை நிறுத்தி, பிபி மாத்திரையை டாக்டர் கொஞ்ச நாளைக்கு மாத்தினார். ஆறு வாரத்துல கிரியேட்டினின் 1.3க்கு வந்தது. பழைய 1.1க்கு இன்னும் திரும்பல. முழங்காலுக்கு இப்போ ஜெல் தடவுறார். தோல்ல தடவும்போது ரத்தத்துல கலக்குற அளவு ரொம்பக் கம்மி, அதனால முழங்கால் தேய்மானத்துக்கு முதல்ல ஜெல்லைத்தான் பரிந்துரைக்கிறாங்க. அதையும் டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் ஆரம்பிச்சோம்.

உங்க வீட்டு மருந்து டப்பாவுல ஒரே மருந்து எத்தனை பேர்ல இருக்குன்னு எண்ணிப் பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. எங்க வீட்ல அஞ்சு இருந்துச்சு. அடுத்த வாரம் பார்ப்போம்.