வீட்டடுப்பில் கோதுமை ரொட்டி

சீர்காழிச் சுற்றுப்புறத்தில் காவேரிப் பாசனத்தால் முக்கியமாக விளைவது நெல்லே. குறுவை, சம்பா, தாளடி என்னும் மூன்று பெயர்களைச் சொன்னால் அங்குள்ள குடியானவரின் ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகையால் கோதுமை ரொட்டி என்பது அப்பக்கத்துக் கிராமங்களில் நெடுங்காலமாக நோயாளியின் ஆகாரமாகவே கருதப்பட்டு வந்தது. வீட்டில் எவருக்கேனும் ஜுரம் கண்டால் கடைத்தெருவிலிருந்து ஒரு ரொட்டி வாங்கி வந்து பாலில் தோய்த்துக் கொடுப்பர். ஜுரம் தணிந்தவுடன் அதை மறந்துவிடுவர். ரொட்டியை வீட்டிலேயே செய்யலாமென்றால், அதற்குச் சூளை வேண்டும், யந்திரம் வேண்டும், பழகிய தொழிலாளி வேண்டும் என்று தயங்குவோர் பலர். இத்தயக்கத்திற்குக் காரணமில்லை. தோசை மாவைப் புளிக்க வைக்கத் தெரிந்தவருக்கு ரொட்டி வேலையில் பாதி முன்னமே தெரியும். எஞ்சிய பாதி இங்கு விளக்கப்படுகிறது.

கற்பதன் அவசியம்

தமிழ்நாட்டின் நியாய விலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களாலேயே நடத்தப்படுகின்றன. அரிசி பெறும் குடும்பங்கள், கையிருப்பு உள்ளபோது, அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோதுமை பெறும் வசதியும் உண்டு. ஆயினும் நெல் நாட்டில் கோதுமையை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பலருக்குப் பழக்கமில்லை. இது புதிய சங்கடமன்று. 1942-இல் பர்மா அரிசியின் வரவு நின்றபோது, அரிசியே உண்டு வந்த மாகாணங்களில் கோதுமை முதலிய தானியங்களைப் புழக்கத்திற்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சமைக்கத் தெரியாத தானியம் வீட்டில் இருந்தும் இல்லாததற்குச் சமானமே.

மற்றொரு காரணமும் உண்டு. 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் சீர்காழியில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை பெய்து, சம்பா வயல்கள் நீரில் மூழ்கின. அத்தகைய நாட்களில் மின்சாரம் தடைப்பட்டால் மாவரைக்கும் யந்திரம் ஓடாது. இட்லியும் தோசையும் நின்றுபோம். உலர்ந்த கோதுமை மாவோ கையாலேயே பிசையத்தக்கது. ஒருமுறை சுட்ட ரொட்டி மறுநாளைக்கும் உதவும். மழைக்காலத்தை எதிர்பார்த்து, ஒரு டின் மாவைச் சேமித்து வைப்பதோடு அதைப் பக்குவப்படுத்தும் முறையையும் அறிந்திருத்தல் குடும்பத்திற்கு ஒரு பாதுகாப்பாகும்.

இட்லி மாவும் ரொட்டி மாவும்

அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்த மாவு இரவில் பொங்குவதை யாவரும் கண்டிருக்கின்றனர். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரைப் பொருளை உண்டு, கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அவ்வாயுவை உளுந்தின் வழவழப்பு வெளியேறவிடாமல் பிடித்து வைப்பதால் மாவு உப்புகிறது. ரொட்டியிலும் நடப்பது இதுவே. ஆனால் அங்கே வாயுவை உண்டாக்குவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்; அதைப் பிடித்து வைப்பது கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்பொருள்.

குளூட்டன் அரிசியில் இல்லை. இதை ஒரு எளிய சோதனையால் அறியலாம். எலுமிச்சம்பழ அளவு கோதுமை மாவை நன்கு பிசைந்து அரைமணி வைத்திருந்து, தண்ணீருக்குள் மெல்லக் கசக்கினால், வெண்மையான மாச்சத்து கரைந்து போய், ரப்பர் போல் இழுபடும் ஒரு பொருள் கையில் எஞ்சும். அரிசி மாவை அவ்வாறு கசக்கினால் ஒன்றும் எஞ்சாது. அரிசி மாவினால் மட்டும் ரொட்டி செய்ய முயன்றவர்களுக்கு அது கல்லைப்போல் ஆனதன் காரணம் இதுவே. சங்கக் கூட்டங்களில் இச்சோதனையைச் செய்து காட்டினால் நீண்ட பிரசங்கத்தைக் காட்டிலும் அதிகம் விளங்கும்.

ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் கள்ளே அதன் வேலையைச் செய்தது. கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்து ரொட்டிக்காரர் கள்ளை விட்டு மாவைப் புளிக்க வைத்தனர். மலையாள நாட்டிலும் இலங்கையிலும் ஆப்பத்திற்கு அவ்வாறே செய்தனர். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்று வழங்குவது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த சொல்லாகும். சீர்காழிக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரரும், காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரரும் ஆட்சி செய்தனர். ரொட்டி உண்ணும் ஜனங்கள் இவ்வளவு அருகில் வசித்தும் உள்நாட்டுக் கிராமங்களில் அது வேரூன்றவில்லை. கோதுமை அங்கு விளையாததும், சூளை இல்லாததுமே முக்கிய காரணங்கள் எனலாம். இவ்விரண்டில் முதற்குறை கூட்டுறவுக் கடையால் நீங்கியது. இரண்டாவது குறையை வீட்டிலுள்ள சட்டியே நீக்கும்.

வேண்டிய சாமான்கள்

முதன்முறை செய்வோர் அரைக் கிலோ மாவுக்கு மேல் எடுத்தல் வேண்டாம். அதற்கு வேண்டியவை:

கோதுமை மாவு 500 கிராம். தண்ணீர் 320 முதல் 350 மில்லி லிட்டர். உலர்ந்த பொடி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம். உப்புத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி. சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி. நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி.

முழுக் கோதுமை மாவில் தவிடு இருப்பதால் ரொட்டி சற்று அடர்த்தியாயிருக்கும். ஆரம்பத்தில் பாதி கோதுமை மாவும் பாதி மைதாவும் கலந்து கொண்டால் எளிதில் உப்பும். அப்போது தண்ணீர் 310 மில்லி அளவு போதும். கை பழகியபின் மைதாவைக் குறைத்துக்கொள்ளலாம். முழு மாவில் நார்ச்சத்து அதிகம்.

கோதுமையை அரைக்கும்போது ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. நெல் நாட்டு மாவு மில்களில் பெரும்பாலும் அரிசியே அரைக்கப்படுகிறது. அரிசி அரைத்த கையோடு கோதுமையைப் போட்டால், யந்திரத்தில் தங்கிய அரிசி மாவு கலந்து ரொட்டியின் பசையைக் குறைத்துவிடும். மிளகாய் அரைத்த யந்திரமானால் சொல்ல வேண்டுவதில்லை. முன்னர் ஒருவர் கோதுமை அரைத்தபின் தம் கோதுமையைக் கொடுப்பதே நலம்.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். காற்றுப் புகாத டப்பியில் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். பழைய ஈஸ்ட் என்று சந்தேகம் தோன்றினால், வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சர்க்கரையோடு கலந்து பத்து நிமிஷம் வைத்துப் பார்க்கலாம். நுரை எழும்பினால் உயிர் உண்டு. எழும்பாவிட்டால் அதை நம்பி மாவை வீணாக்கலாகாது. கொதிக்கும் தண்ணீர் ஈஸ்டைக் கொன்றுவிடும். கை பொறுக்கும் சூடே மேலான வரம்பு. கோடைக்காலத்தில் சாதாரணத் தண்ணீரே போதும்.

பிசைதலும் பொங்க வைத்தலும்

1. மாவைச் சலித்து, தண்ணீரில் பெரும்பகுதியை விட்டுக் கலந்து, இருபது நிமிஷம் மூடி வைக்க வேண்டும். தவிடு ஊறி மிருதுவாகும்.

2. பிறகு ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, எண்ணெய் இவற்றைச் சேர்த்து, எஞ்சிய தண்ணீரை வேண்டுமளவு தெளித்துப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைக் காட்டிலும் இது தளர்ந்திருக்க வேண்டும். முதலில் கையில் ஒட்டும். அதற்கஞ்சி உலர்ந்த மாவைத் தூவிக்கொண்டே போவது புதியவர் செய்யும் பிழை. உள்ளங்கையால் தள்ளி, மடித்து, மீண்டும் தள்ளினால் ஒட்டுதல் தானே குறையும். சிறு துண்டைக் கிள்ளி விரல்களால் விரித்தால் அறுபடாமல் மெல்லிய தோல்போல் வர வேண்டும். தவிடு மிகுந்த மாவில் சற்று முன்னரே அறுபடலாம்.

3. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து ஈரத்துணியால் மூடி, இரண்டு மடங்காகும் வரை விட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் முக்கால் மணியில் பொங்கிவிடும்; மார்கழிப் பனியில் ஒன்றரை மணிக்கு மேலும் ஆகலாம். ஆகவே கடிகாரத்தைப் பாராமல் மாவைப் பார்க்க வேண்டும். விரலில் மாவு தொட்டு மெல்ல அழுத்தினால், குழி மெதுவாகவும் அரைகுறையாகவும் மேலெழும்புவது பக்குவம். உடனே எழும்பினால் இன்னும் நேரம் தேவை. சிறிதும் எழும்பாவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

4. மாவை மெல்ல அழுத்தி வாயுவைப் போக்கி, பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி, எண்ணெய் தடவிய தகரப் பெட்டியிலோ, நேரான விளிம்புள்ள பாத்திரத்திலோ மடிப்பு கீழாக வைக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்குச் சற்று மேல் நிரம்பினால் போதும். மீண்டும் அரைமணி முதல் முக்கால் மணி வரை மூடி வைத்தால் விளிம்பு வரை எழும்பும்.

சூளையில்லாமல் சுடுதல்

ரொட்டிக்கு வேண்டியது ஆவியன்று, உலர்ந்த சூடு. இட்லிப்பானையில் வைத்தால் வெந்துவிடும். ஆனால் மேற்பொருக்கும் மணமும் வாரா. கனத்த இரும்புச் சட்டி ஒன்றில், கழுவி உலர்த்திச் சலித்த மணலை இரண்டு விரற்கடை உயரம் பரப்பி, அதன்மேல் ஒரு இரும்பு வளையத்தை வைத்து, கனத்த மூடியால் மூடி, மிதமான தீயில் இருபது நிமிஷம் காய வைக்க வேண்டும். பின்னர் மாவுப் பாத்திரத்தை வளையத்தின்மேல் வைத்து மூட வேண்டும்.

விறகடுப்பானால் மூடியின்மேல் கொட்டாங்கச்சித் தணலைப் பரப்புவது உத்தமம். மேலும் கீழும் சூடு படுவதால் ரொட்டி நன்கு சிவக்கும். காஸ் அடுப்பில் மேற்சூடு இராது. ஆகையால் வெந்தபின் ரொட்டியை எடுத்து, வெளுத்த பக்கம் கீழாகத் தோசைக்கல்லில் சில நிமிஷம் வைத்துச் சிவக்க விடலாம். முதல் அரைமணி வரை மூடியைத் திறந்து பார்க்கலாகாது. தீயின் அளவைப் பொறுத்து நாற்பது முதல் ஐம்பது நிமிஷத்தில் வேகும். மின்சார அடுப்புப் பெட்டி உள்ளவர் 200 டிகிரி உஷ்ணத்தில் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிஷம் வைக்கலாம்.

ரொட்டியைக் கவிழ்த்து அடிப்புறத்தைத் தட்டினால் வெற்றுப் பானை போன்ற ஓசை கேட்க வேண்டும். அதுவே வெந்ததற்கு அடையாளம். உடனே அறுத்தல் கூடாது. உள்ளே ஆவி அடங்கி மாவு நிலைபெற ஒரு மணி நேரமாவது வேண்டும். பசியுடன் காத்திருக்கும் குழந்தைகளுக்கு இது கடினமே. ஆயினும் சூட்டோடு அறுத்தால் வெந்த ரொட்டியும் களிபோல் ஒட்டும். அரைக் கிலோ மாவுக்குச் சுமார் முக்கால் கிலோ ரொட்டி கிடைக்கும்.

நேரக்கூடிய பிழைகள்

ரொட்டி எழும்பாமற் போனால் ஈஸ்ட் இறந்திருக்கலாம், அல்லது தண்ணீர் அதிகச் சூடாயிருந்திருக்கலாம். கல்போலிருந்தால் பிசைதல் போதாது, அல்லது மாவு இறுகிவிட்டது. எழும்பிப் பின் நடுவில் அமுங்கினால் பொங்க வைத்த நேரம் மிஞ்சிவிட்டது. கள்வாடை வீசுவதற்கும் அதுவே காரணம். அடி கருகி உள் வேகாவிட்டால் தீ அதிகம். மணலைச் சற்று உயர்த்தித் தீயைத் தணிக்க வேண்டும். முதல் ரொட்டி சரிவர அமையாவிடில் மனந்தளர வேண்டாம். அதை மெல்லிய துண்டுகளாக்கித் தோசைக்கல்லில் முறுக விட்டால் உண்ணத் தக்கதாகும்.

கடற்கரையை அடுத்த ஈரக்காற்றில் ரொட்டி விரைவில் பூசணம் பிடிக்கும். உலர்ந்த துணியில் சுற்றி வைத்து இரண்டு நாட்களுக்குள் உபயோகித்துவிட வேண்டும். பூசணம் ஒரு மூலையில் தோன்றினாலும் முழுவதையும் எறிந்துவிடுவதே தகும். வெட்டியெடுத்துவிட்டு எஞ்சியதை உண்பது அபாயம். குளூட்டன் ஒவ்வாதவர் கோதுமை ரொட்டியை அறவே நீக்க வேண்டும். நீரிழிவுள்ளவர், ரொட்டி நோயாளியின் ஆகாரமாயிற்றே என்றெண்ணி அளவின்றி உண்ணலாகாது. மைதா ரொட்டியும் அரிசிச் சோற்றைப் போலவே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

சங்கமும் ரொட்டியும்

கூட்டுறவு இயக்கத்திற்கும் கோதுமை மாவுக்கும் பழைய உறவு உண்டு. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலிய எளியோர் திறந்த சிறு கடையில் விற்ற சில பண்டங்களுள் கோதுமை மாவும் ஒன்று. மாவிலும் ரொட்டியிலும் படிகாரம் முதலியவற்றைக் கலந்து விற்ற அக்காலத்தில், கலப்படமற்ற சரக்கைச் சரியான எடையில் கொடுத்ததே அக்கடையின் பெருமை. இந்தியாவிலும் ரொட்டி மாவை மேம்படுத்தப் பயன்பட்டு வந்த பொட்டாசியம் புரோமேட் என்னும் இரசாயனம், உடல்நலத்திற்குக் கேடென்று கருதி 2016-இல் விலக்கப்பட்டது. வீட்டு ரொட்டியில் என்ன சேர்ந்தது என்பதைச் செய்தவரே அறிவர். இதுவே அதன் முதல் இலாபம்.

இதை விற்பனைக்குச் செய்ய விரும்பும் மகளிர் குழுக்கள் அவசரப்பட்டுக் கடன் வாங்கிப் பெரிய அடுப்புப் பெட்டி வாங்குதல் தகாது. முதலில் சட்டியிலேயே சில வாரம் செய்து பழகி, மாவு, எண்ணெய், ஈஸ்ட், எரிபொருள், உழைப்பு ஆகியவற்றின் செலவை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். கெட்டுப்போன ரொட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் நாள்தோறும் எத்தனை ரொட்டி விலைபோகும் என்று தெரிந்தபின், உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்துகொண்டு தொடங்கலாம்.

விற்பனை எவ்வாறாயினும், வீட்டுக்கு மட்டும் செய்வோருக்கு நஷ்டமென்பதில்லை. நெல் நாட்டில் சோற்றின் ஸ்தானத்தை ரொட்டி பெற வேண்டியதில்லை, பெறப்போவதும் இல்லை. சங்கக் கடையில் கோதுமை வந்த மாதத்தில் அது வீணாகாமலும், மழை வெள்ளத்தால் மாவரைக்க இயலாத நாளில் குழந்தைகள் பசித்திராமலும் இருந்தால் அதுவே போதுமான பயன். அடுத்த முறை கோதுமை வாங்கும் அங்கத்தினர், அதில் அரைக் கிலோவை மட்டும் இதற்கென எடுத்துவைத்து, வேலை ஓய்ந்த ஒரு நாளில் செய்து பார்ப்பாராக.